தோல், பை, மனசு

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நிம்மதியாகத் தூங்கி எழ வேண்டும் என்பதுதான் எங்கள் இருவருக்கும் தினமும் காலையில் வரும் முதல் நினைப்பு. இங்கே நாங்களும் நலம் என்று அடுத்த வரிக்குக் கை தானாகப் போகிறது, பழக்கதோஷம், ஆனால் இந்த ஒரு கடிதத்தில் அதை எழுதப்போவதில்லை. பதறாதே, பொறுமையாகக் கடைசிவரை படி. எழுத்து கோணல்மாணலாக இருப்பதற்குக் காரணம் வயசு இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். நெஞ்சுக்கு அடியில் இரண்டு தலையணை, கட்டிலின் விளிம்புக்கு வெளியே தலை, கீழே ஒரு முக்காலி, அதன்மேல் காகிதம். பதினான்கு நாளாக எனக்குத் தெரிகிற உலகம் இந்த முக்காலியும் போகிற வருகிறவர்களின் செருப்பும்தான். செருப்பை வைத்தே ஆளைச் சொல்லிவிடுகிறேன். பெரிய டாக்டருக்கு வலது குதிகால் மட்டும் தேய்ந்திருக்கிறது, மனுஷர் சாய்ந்து நடக்கிறார். உன் அம்மா வந்தால் பார்க்கவே வேண்டாம், முழங்கால் வலியோடு காலை இழுத்து இழுத்து வைக்கிற சத்தமே போதும்.

ஏன் போனில் சொல்லாமல் கடிதம் என்று கேட்பாய். போனில் உன் குரலைக் கேட்டால் நான் உடனே எல்லாம் சரிதாம்மா என்று சொல்லிவிடுவேன், போன இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் அதைத்தான் செய்தேன். நெட் சரியில்லை என்று வீடியோவை அணைத்தேன் அல்லவா, நெட் நன்றாகத்தான் இருந்தது, என் தலைமாட்டில் மருந்து பாட்டில் தொங்கியது உன் கண்ணில் படக்கூடாது என்றுதான் அணைத்தேன். உன் அம்மா உனக்குச் சொல்லவே கூடாது என்று ஒரே பிடியாக நிற்கிறாள். புது வேலை, முதல் ஆறு மாசம் லீவு கேட்டால் வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள், அவளுக்குச் சொன்னால் எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துடுவா, அப்புறம் அந்தப் பாவம் நமக்குத்தான் என்கிறாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கூரியரில் எட்டு நாளில் உன் கைக்கு வந்துவிடும், டாக்டர் ஆபரேஷனுக்குக் குறித்த நாளுக்கு இன்னும் இருபத்திரண்டு நாள் இருக்கிறது, நீ யோசிக்கவும் நேரம் இருக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன், உட்கார்ந்தேன் என்று சும்மா வழக்கத்துக்குச் சொல்கிறேன்.

எனக்கு இடது பக்கம், உட்காருகிற எலும்பின்மேல், படுக்கைப்புண் வந்துவிட்டது. புண் என்றால் மேலே தெரிகிறது சின்னதுதான், ஒரு பாட்டில் மூடி அளவு. உள்ளே போகப் போகக் குகை மாதிரி விரிந்து எலும்பைத் தொட்டுவிட்டது. முதல் நாள் நர்ஸ் பஞ்சு சுற்றிய குச்சியை உள்ளே விட்டு ஆழம் பார்த்தாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, நெஞ்சுக்குக் கீழே எனக்கு என்ன தெரியும். உன் அம்மா பக்கத்தில் நின்று பார்த்தாள். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், அந்தப் பிடி இறுகிக்கொண்டே போனதை வைத்துத்தான் குச்சி எவ்வளவு தூரம் உள்ளே போகிறது என்று நான் தெரிந்துகொண்டேன். வலித்திருந்தால் முதல் நாளே கத்தி ஊரைக் கூட்டியிருப்பேன் பாப்பா. வீடு பற்றி எரிந்தாலும் எங்கள் உடம்பு எங்களிடம் வந்து சொல்லாது.

இது எப்படி வந்தது என்று உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் தப்பு என்னுடையது. டீச்சரும் நானும் நடத்துகிற சங்கம் உனக்குத் தெரியும், நீ இருந்தபோது பன்னிரண்டு பேர், இப்போது எங்கள் இருவரையும் சேர்த்து முப்பத்திநான்கு பேர், அத்தனை பேரும் முதுகுத்தண்டு அடிபட்டவர்கள். அச்சகத்துக்குப் பின்னால் இருந்த அதே அறைதான், வாசல் சரிவை மட்டும் நான் அளந்து சொல்லி இன்னும் நீளமாகப் போட வைத்தோம், பழைய சரிவில் ஏறினால் சக்கர நாற்காலி வண்டி பின்னால் குடை சாய்கிற மாதிரி இருந்தது. நீ போன பிறகு டீச்சர் ஒரு வழக்கம் கொண்டு வந்தாள். தினமும் காலை ஆறரைக்கு எல்லாரும் போனில் ஒரே அழைப்பில் சேர வேண்டும். நான் ஒவ்வொருவராகக் கூப்பிடுவேன், அவர்கள் மூன்று விஷயத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். தோல், பை, மனசு. தோல் என்றால் கண்ணாடியில் முதுகும் இடுப்பும் பார்த்தாச்சா, சிவப்பு ஏதாவது இருக்கிறதா. பை என்றால் சிறுநீர்ப் பையில் அடைப்பு இல்லையே, நிறம் மாறவில்லையே. மனசு என்றால் மனசுதான். சரி என்றால் சரி, இல்லை என்றால் அன்றைக்கே யாராவது ஒருவர் வீட்டுக்குப் போவோம். போன வருஷம் நம் சங்கத்து டாக்சிக்காரர் இறந்துபோனாரே, அதற்குப் பிறகு வந்த ஏற்பாடு இது. அவரும் சிரித்துப் பேசிக்கொண்டே ஒரு புண்ணை மறைத்து வைத்திருந்தார், அது ரத்தத்தில் கலந்து ஒன்பதே நாளில் ஆள் இல்லை. அவர் சவப்பெட்டியைத் தூக்கிப் போனதைப் பார்த்தவன் நான். இனிமேல் நம்ம சங்கத்துல ஒரு புண்ணு கூட ஒளிஞ்சிருக்கக் கூடாதுன்னு அன்றைக்கு எல்லார் முன்னாலும் மார்தட்டிச் சொன்னவனும் நான்தான்.

இதில் ஒரு ஓட்டை இருந்தது, யாருக்கும் தெரியவில்லை. முப்பத்திமூன்று பேரை நான் கேட்டேன், என்னைக் கேட்க ஆள் இல்லை. பட்டியலை வாசிக்கிறவன் பெயர் பட்டியலில் இல்லை. டீச்சருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை, தோன்றாதது எனக்கு வசதியாகவும் இருந்தது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள், மற்றவர்களுக்கு அது பழமொழி, எங்களுக்கு அதுதான் பிழைப்பு. முதல் பத்து வருஷம் தினமும் சாயங்காலம் உன் அம்மாதான் பார்ப்பாள், உனக்கு ஞாபகம் இருக்கும், நீ பக்கத்து அறையில் பாடம் படித்துக்கொண்டிருப்பாய். அப்புறம் நீண்ட பிடி வைத்த கண்ணாடி வந்தது, இனிமே நானே பாத்துக்கறேன், உனக்கு இந்த வேலை வேணாம் என்று அவளிடமிருந்து நான்தான் பிடுங்கிக்கொண்டேன். ரோஷம். ஏழு மாசம் முன்னால் மாடியில் துணி உலர்த்தப் போய்க் கைப்பிடிச் சுவரோடு விழுந்த ஒரு தையல்காரம்மாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன், அவளிடம் கண்ணாடி இல்லை, என்னுடையதை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். வேறு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எல்லாருக்கும் வாங்கிக் கொடுக்கிறவன் தனக்கு வாங்க மறந்தேன். நடுவில் வண்டியில் உட்காருகிற காற்று மெத்தையில் ஒரு ஊசித்துளை விழுந்து காற்று இறங்கிக்கொண்டிருந்தது. நானே ஒட்டுப் போட்டேன். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தபோது இரும்புக் கயிற்றில் ஒரு நூல் பிரிந்தால்கூட லிஃப்டை நிறுத்திவிட்டு மாற்றியவன், என் எலும்புக்கு அடியில் காற்று போவதை ஒட்டுப் போட்டுச் சமாளித்தேன்.

கறையைப் பார்த்தது ஒரு வியாழக்கிழமை. மெத்தை உறையில் ஒரு சின்ன மஞ்சள் வட்டம். அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது, தெரியாது என்று சொன்னால் பொய். உறையைக் கழற்றி நானே துவைத்துக் காயப்போட்டேன், உன் அம்மா ஏன் இந்த வேலை எல்லாம் என்றாள், சும்மா தண்ணி கொட்டிடுச்சு என்றேன். ஏன் மறைத்தேன் என்று பதினான்கு நாளாகக் குப்புறக் கிடந்து யோசிக்கிறேன். அந்த வாரம் சனிக்கிழமை இதே வார்டில் புதிதாக அடிபட்டவர்களிடம் நான் பேச வேண்டியிருந்தது, பேச்சே தோலைப் பற்றித்தான். அவர்களிடம் இப்போதெல்லாம் நான் எடுத்தவுடனே சொல்கிற வார்த்தை என்ன தெரியுமா, பத்தொன்பது வருஷமாச்சு, உடம்புல ஒரு புண்ணு கிடையாது என்பது. அதைக் கேட்டதும் படுத்திருக்கிறவர்களின் முகம் மாறும், நாமும் பிழைப்போம் என்று நம்புவார்கள். அந்த முகத்துக்கு நான் அடிமை ஆகிவிட்டேன். சனிக்கிழமை போனேன், சொன்னேன், வண்டியிலிருந்து கட்டிலுக்குத் தாவிக் காட்டினேன், கை தட்டினார்கள். கீழே சீழ் வடிந்துகொண்டிருந்தது. ஊருக்கு உபதேசம் என்பதை என்னைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

இப்படிப் பதினோரு நாள் ஓடியது. தினமும் காலையில் தோல் எப்படி என்று மற்றவர்களை அதட்டிக் கேட்டேன். சாயங்காலம் ஆனால் குளிர் நடுக்கம் வரும், உன் அம்மாவிடம் ஜலதோஷம் என்றேன், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். பன்னிரண்டாம் நாள் காலை எல்லாரையும் கேட்டு முடித்துவிட்டு அழைப்பை வைக்கப் போகும்போது அந்தத் தையல்காரம்மா அண்ணா ஒரு நிமிஷம் என்றாள். சேர்ந்ததிலிருந்து சரி, சரி, சரி என்ற மூன்று வார்த்தை தவிர அவள் வாய் திறந்ததே இல்லை. உங்க கண்ணாடி என்கிட்டதானே இருக்கு, அப்ப நீங்க எதுல பாத்துக்கிறீங்க என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். முப்பத்திமூன்று பேர் மூச்சு விடுகிற சத்தம் போனில் கேட்கிறது, ஒருத்தர் வீட்டில் குக்கர் விசில் அடிக்கிறது. வேறு வாங்கிட்டேம்மா என்று சொல்லியிருக்கலாம், வாய் வரைக்கும் வந்தது. தோல் சரியில்லை என்று சொல்லிவிட்டேன். டீச்சர் உடனே அத்தனை பேர் முன்னாலும் எத்தனை நாளா என்று கேட்டாள். பதினோரு நாளா என்றேன். அவள் அழைப்பைத் துண்டித்துவிட்டாள், கால் மணி நேரத்தில் ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்தது, அவள் அனுப்பியது.

மறுநாள் டீச்சர் தன் பேட்டரி வண்டியில் வார்டுக்கு வந்து என் தலைக்கு நேராக நிறுத்தினாள், எனக்கு அவள் வண்டிச் சக்கரம்தான் தெரிந்தது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். உங்களை நம்பித்தானே நான் மத்தவங்களை மிரட்டினேன் என்றாள், குரல் உடைந்துவிட்டது. கழுத்து ஒடிந்தபோதுகூட அழாதவள் என்று பெயர் எடுத்தவள். அப்புறம் அவள் சொன்னதுதான் திட்டைவிட மோசம். அன்று காலை அழைப்பில், நான் இல்லாமல் அவள் நடத்திய முதல் அழைப்பில், ஐந்து பேர் தோல் சரியில்லை என்றார்களாம். ஐந்து பேரும் நாள் கணக்காகச் சரி என்று சொல்லி வந்தவர்கள். தலைவரே மறைச்சிருக்காரு, நாங்க மறைச்சதுல என்ன தப்புன்னு ஒருத்தர் கேட்டாராம். மூன்று பேருக்கு ஆரம்பம்தான், ஆறிவிடும். இரண்டு பேருக்கு ஆறுமா என்று தெரியவில்லை. அவர்களுக்கு ஏதாவது ஆனால் அதற்கும் நான்தான் பொறுப்பு. வயிறு கலங்குகிறது என்று மற்றவர்கள் சொல்வார்கள், எனக்கு வயிற்றில் உணர்ச்சி கிடையாது, அதனால் பயம் கீழே இறங்க இடம் இல்லாமல் எல்லாம் நெஞ்சிலேயே நின்றுவிடுகிறது. எதிர்க் கட்டிலில் ஒரு பஸ் கண்டக்டர் இருக்கிறார், அந்தச் சனிக்கிழமை கை தட்டியவர்களில் ஒருவர். நான் வந்த அன்றைக்கு என்னைத் திருப்பிப் படுக்க வைக்கும்போது பார்த்துவிட்டு, பத்தொன்பது வருஷம்னு சொன்னீங்களே சார் என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டார். அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. இரண்டு நாளாக அவர் சாப்பாட்டுத் தட்டைத் தொடாமல் திருப்பி அனுப்புவது எனக்குத் தெரிகிறது, தட்டு வைக்கிற பலகை என் கண் உயரத்தில்தான் இருக்கிறது.

ஆபரேஷன் என்றால், அழுகினதை எல்லாம் சுரண்டி எடுத்து, எலும்பையும் கொஞ்சம் செதுக்கி, தொடையிலிருந்து சதையைத் திருப்பிக் கொண்டுவந்து மூடித் தைப்பார்களாம். அப்புறம் ஆறு வாரம் உட்காரவே கூடாது. அதற்கு முன்னால் மருந்து ஏற்றிக் காய்ச்சலை இறக்க வேண்டும், அதற்குத்தான் இந்த இருபத்திரண்டு நாள். காய்ச்சல் இப்போது குறைந்த மாதிரிதான் இருக்கிறது. டாக்டர் நல்லபடியாக முடியும் என்கிறார், ஆனால் டாக்சிக்காரரிடமும் அப்படித்தானே சொன்னார்கள். லிஃப்ட் குழியில் விழுந்தபோது எனக்குப் பயப்படவே நேரம் கிடைக்கவில்லை, கண் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது, உன்னை மூன்றாம் வகுப்பு யூனிபாரத்தோடு கூட்டி வந்து என் முன்னால் நிறுத்தினார்கள், எழுந்து நிற்க வேண்டும் என்று உனக்காக நினைத்தேன், எழ முடியாது என்று தெரிந்ததும் உட்காரவாவது வேண்டும் என்று நினைத்தேன். இந்தத் தடவை பயப்பட நிறைய நேரம் கொடுத்துவிட்டார்கள்.

வீட்டுச் செய்தி எழுதாமல் விட்டால் நீ அதற்கும் பயப்படுவாய். உன் அம்மா காலையிலும் சாயங்காலமும் வருகிறாள், இரண்டு பஸ் மாறி, அந்த முழங்காலோடு. தன் தப்புதான் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள், தினமும் நான் பார்த்திருக்க வேண்டும் என்று என் தலைக்கு மேலே நின்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள், உன் தப்பு இல்லடி என்று செருப்பைப் பார்த்துச் சொல்லிச் சொல்லி எனக்கும் வாய் வலிக்கிறது. உன் சித்தப்பா தினமும் வந்து எனக்கு வாங்கி வந்த பழத்தை அவரே உரித்து அவரே சாப்பிட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக் காற்று ஆகாது என்று கிளம்பிவிடுகிறார், ஆனாலும் ஒரு நாள்கூடத் தவறவில்லை. குளியலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. நீ கண் எரிகிறது என்றாயே, கம்ப்யூட்டர் முன்னால் விளக்கைப் போட்டுக்கொண்டு வேலை பார். மாப்பிள்ளை பைக்கை வேகமாக ஓட்டுகிறார் என்று போன மாசம் நீயே சொன்னாய், என் பெயரைச் சொல்லி மெதுவாக ஓட்டச் சொல், எங்கள் சங்கத்தில் புது ஆள் சேர வேண்டாம். கனமான பெட்டியைக் குனிந்து தூக்காதே, காலை மடக்கித் தூக்கு.

இப்போது டீச்சர்தான் காலை அழைப்பை நடத்துகிறாள். முதல் கேள்வி அவளைத்தான் கேட்க வேண்டும், கேட்பது தையல்காரம்மா, இப்படி மாற்றிவிட்டார்கள். என் முறை வரும்போது முக்காலிமேல் போனை வைத்துத் தோல் சரியில்லை, பை சரி என்கிறேன். மூன்றாவதுக்கு வரும்போது நேற்றுவரை மனசு சரி என்றே சொல்லிக்கொண்டிருந்தேன், பார், புத்தி இன்னும் வரவில்லை. இன்று காலை சரியில்லை என்றேன். என்ன செய்யணும் சொல்லுங்க, யாரை அனுப்பட்டும் என்று டீச்சர் கேட்டாள், அதுதானே எங்கள் வழக்கம், சரியில்லை என்றால் ஆள் போக வேண்டும். யாரும் வேணாம் என்று சொல்ல வாய் எடுத்தேன். நீ வர வேண்டும் என்று தோன்றியது.

சுற்றி வளைத்துவிட்டேன். நீ வரவேண்டாம், இருக்கிற இடத்தில் நன்றாக இரு என்று எழுதி முடிப்பதாகத்தான் தொடங்கினேன், உன் அம்மாவிடமும் அப்படித்தான் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன். முடியவில்லை. வேலை போனால் வேறு வேலை கிடைக்கும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, நீ எத்தனை கதவு தட்டி இந்த வேலையில் சேர்ந்தாய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்கிறேன். அப்பாவுக்குப் பயமாக இருக்கிறது பாப்பா. வந்துவிட்டுப் போ. உன்னைப் பார்த்துவிட்டு உள்ளே போகிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் எந்த நோவும் அண்டாமல், நினைத்தது கைகூடி, ஒருவருக்கு ஒருவர் துணையாக நீண்ட நாள் வாழ வேண்டும். கடிதம் கிடைத்ததும் அம்மாவுக்குப் போன் செய்யாதே, எனக்குச் செய், மதியம் இரண்டு மணிக்கு மேல் செய், அப்போது மருந்து இறங்கியிருக்கும், பேச முடியும்.

என்றும் உன் நினைவில்,
அப்பா

பாப்பா, அம்மா. மடித்துக் கொடுத்துக் கூரியரில் போடச் சொன்னார், பிரிக்காதே என்றார், பிரித்துப் படித்தேன். கூரியரில் போடவில்லை, எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், எட்டு நாள் காத்திருக்க நேரம் இல்லை. மத்தியானம் ரத்தப் பரிசோதனை வந்தது. காய்ச்சல் குறைந்த மாதிரி தெரிவது அவருக்கு மட்டும்தான், கிருமி ஏறிக்கொண்டேதான் இருக்கிறதாம். டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, இருபத்திரண்டு நாள் எல்லாம் தாங்காது, வியாழக்கிழமையே செய்தாக வேண்டும் என்றார். இன்று திங்கள். நாளைக் காலை அவரிடம் டாக்டரே சொல்வார், இன்று ஒரு நாள் தெரியாமல் தூங்கட்டும் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். உனக்குச் சொல்லக் கூடாது என்று சொன்ன வாயை என்ன செய்வது. அவர் பயப்படுவது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அவர் கையெழுத்து தவிர ஆபரேஷன் தாளில் வீட்டார் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டுமாம். முதல் இடத்தில் நான் போட்டுவிட்டேன். இரண்டாவது இடத்தில் நான் போடுகிறேன் என்று உன் சித்தப்பா பேனாவைக் கேட்டார். நான் கொடுக்கவில்லை.